இரண்டு வில் விறகாகி மூன்றாவது நின்ற கதை

மரத்தின் முதுகில் மூங்கில் ஒட்டிச் செய்யும் பழைய முறை வில் ஒன்றை நானே செய்துவிட வேண்டும் என்று தொடங்கியபோது, வார இறுதிகளில் மட்டும் வேலை பார்த்தாலும் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒன்பது மாதம் ஆயிற்று. நோட்டில் குறித்து வைத்தபடி ஏறக்குறைய 160 மணி நேரம் செலவாகியிருக்கிறது. அதில் இன்று கையில் இருக்கும் வில்லுக்கு ஆனது 55 மணி நேரம் மட்டுமே. மீதி நேரமும், வாங்கிய மரம், மூங்கில், பசை ஆகியவற்றில் மூன்றில் இரண்டு பங்கும் வீணாயின. காசு போனதைவிட, எங்கே தவறினேன் என்று புரியாமல் உடைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள்தான் அதிகம் வலித்தன. பக்கத்தில் நின்று தடுக்க ஒருவரும் இல்லை. அப்படி ஒருவர் இருந்திருந்தால் என்னென்ன சொல்லித் தடுத்திருப்பாரோ, அவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சில சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எய்பவரின் முகத்தைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் வயிறு. இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு. பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகளை மேல்தண்டு, கீழ்த்தண்டு என்று குறிப்பிடுகிறேன். நாணை இழுக்கும்போது முதுகு இழுபட்டு நீள முயல்கிறது. வயிறு அமுங்கிச் சுருங்க முயல்கிறது. வெறும் பலகையில் செய்த வில் முறிவது பெரும்பாலும் முதுகில்தான். மர ரேகை தண்டின் நீளவாக்கில் ஓடாமல் எங்கேனும் சாய்ந்து விளிம்பில் வெளியேறியிருந்தால், அந்த இடத்தில் ஒரு சிம்பு கிளம்பி, அதுவே முறிவாகிவிடும். இதைத் தடுக்கத்தான் முதுகில் மூங்கிலை ஒட்டுகிறார்கள். மூங்கிலின் வெளித்தோலை அடுத்த பகுதியில் நார்கள் மிக நெருக்கமாக இருக்கும், இழுவையைத் தாங்குவதில் மரத்தை மிஞ்சும். மேலே இருக்கும் மெழுகுப் பூச்சை மட்டும் சுரண்டிவிட்டு, அதற்குக் கீழே உள்ள நாரில் கத்தி படாமல், உட்பக்கத்தைத் தட்டையாக இழைத்து மரத்தோடு ஒட்ட வேண்டும். இவ்வளவும் தொடங்கும்போதே எனக்குத் தெரியும். மூங்கில் அளவுக்கு மீறிப் பலமாக இருப்பதே வில்லுக்குக் கேடு என்பதுதான் தெரியாது. முதுகு நீள மறுத்தால் வளைவின் சுமை வயிற்றின் மேல் விழும். மரமோ பொதுவாக இழுவையைத் தாங்குகிற அளவுக்கு அமுக்கத்தைத் தாங்காது.

முதல் வில்லுக்கு ஒரு ரெட் ஓக் பலகையும், 3 அங்குல விட்டமுள்ள மூங்கிலும் எடுத்தேன். சிறிய மூங்கிலைப் பிளப்பது எளிது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. ஆனால் மூங்கில் பட்டையின் மேற்புறம் உருண்டிருக்கிறது என்பதை யோசித்திருக்க வேண்டும். ஒன்றரை அங்குல அகலப் பட்டையை 3 அங்குல விட்டமுள்ள மூங்கிலிலிருந்து எடுத்து அடியைத் தட்டையாக்கினால், இரு விளிம்புகளும் கத்தி முனைபோல் ஆகும் வரை இழைத்தாலும் நடுவில் 5 மி.மீ. கனம் நின்றுவிடும். அதே அகலத்தை 5 அங்குல விட்டமுள்ள மூங்கிலிலிருந்து எடுத்தால் நடுக்கனம் 3 மி.மீ. தான், அதாவது தச்சர்கள் சொல்கிற ஒரு நூல். விளிம்பு அவ்வளவு மெலிந்தால் கிழிந்துவிடுமோ என்று பயந்து நான் விளிம்பிலும் 1 மி.மீ. விட்டேன், நடுவில் 6 மி.மீ. ஆகிவிட்டது. கூடவே, உருட்டு அதிகமாக இருந்ததால் இழுவை முழுவதும் பட்டையின் நடுக்கோட்டிலேயே குவிந்தது. மூங்கில் வாங்கப் போகிறவர்கள் நீளத்தையும் நேர்த்தியையும் பார்ப்பதற்கு முன் விட்டத்தை அளந்து பாருங்கள். 5 அங்குலத்துக்குக் குறைந்ததை நான் இப்போது தொடுவதில்லை.

அந்த வில் முறியவில்லை. முறிந்திருந்தால்கூட விரைவில் புரிந்திருக்கும். சத்தமே இல்லாமல் செத்தது. 25 அங்குலம் வரை இழுத்தபோது பார்க்க அழகாகத்தான் வளைந்தது. நாணைக் கழற்றினேன், தண்டுகள் நிமிரவில்லை. மேசைமேல் வைத்து அளந்தால் நுனிகள் 3 அங்குலம் வயிற்றுப் பக்கமாக வந்து நின்றன. அடுத்த நாள் இன்னும் கால் அங்குலம் கூடியது. வயிற்றை எவ்வளவு பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தண்டோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான், மேல்தண்டின் நடுவில் ஒரு சாண் இடத்தில் குறுக்காக மயிரிழை மயிரிழையாகப் பத்துப் பன்னிரண்டு கோடுகள் தெரிந்தன. நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது. அமுக்கம் தாங்காமல் மர நார்கள் மடிந்து நொறுங்கிய தடங்கள் அவை. சுரண்டினால் போய்விடும் என்று சுரண்டினேன். சுரண்டிய இடம் இன்னும் மெலிந்து, வளைவு அங்கேயே குவிந்து, கோடுகள் கூடின. நொறுங்கிய நாரை மீட்க முடியாது. 45 மணி நேர வேலையை அப்படியே ஓரமாகச் சாய்த்து வைத்தேன். வீட்டில் கேட்டவர்களிடம் இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

இடையில் ஈரம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வில்லில் அதுவும் சேர்ந்து கெடுத்திருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. ஈரம் கூடுதலாக உள்ள மரம் எளிதில் அமுங்கி அப்படியே நின்றுவிடும். மிகவும் காய்ந்துபோனால் முறியும். மரவில்லுக்கு 8 முதல் 10 சதவீத ஈரம் பொருத்தமானது. ஈரமானி வாங்க மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: பட்டையையும் பலகையையும் வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை போட்டு, கிராம் கணக்கில் எழுதி வைத்து, அடுத்தடுத்து மூன்று வாரம் எடை குறையாமல் நின்ற பிறகு வேலையைத் தொடங்குவது. அந்த இடத்துக் காற்றின் ஈரத்தோடு மரம் சமனாகிவிட்டது என்பதை இது காட்டும். காற்றே ஈரமாக இருக்கும் மாதங்களில் இது மட்டும் போதாது. மூங்கிலைப் பிளந்த பிறகு நிழலில் காய வையுங்கள். எனக்கு அவசரம், வெயிலில் வைத்தேன், ஒரு பட்டை நீளவாக்கில் வெடித்துவிட்டது.

இரண்டாவது வில்லுக்கு மரத்தை மாற்றினேன். வயிற்றுக்கு அமுக்கம் தாங்கும் மரம் வேண்டும் என்று புரிந்ததால், தென் அமெரிக்காவிலிருந்து வரும் இப்பே என்ற மரத்தை எடுத்தேன். ஓசேஜ் ஆரஞ்சும் இதற்குப் பெயர்பெற்ற மரம்தான். இப்பே தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. இழைப்புளியின் தகட்டை மணிக்கு ஒருமுறை தீட்ட வேண்டியிருந்தது. அதை அறுத்தால் மஞ்சள் கலந்த தூள் பறக்கும். முகமூடி போடாமல் ஒரு நாள் முழுக்கத் தேய்த்துவிட்டு, மறுநாள் கழுத்திலும் முன்கையிலும் தடிப்போடு எழுந்தேன். தொண்டை ஒரு வாரம் கரகரத்தது. அதன் பிறகு முகமூடி இல்லாமல் அந்த மரத்தைத் தொட்டதில்லை. மூங்கிலும் இம்முறை 5 அங்குல விட்டம். வில்லின் அகலம் ஒன்றேகால் அங்குலம். பட்டை நடுவில் 3 மி.மீ., விளிம்பில் 1 மி.மீ., நுனிக்குப் போகப் போகக் கனம் பாதியாகக் குறையும்படி இழைத்தேன். பொருள் சரி, அளவு சரி. இனி எதுவும் தவறாது என்று நிமிர்ந்து நின்றேன்.

ஒட்டும் இடத்தில் இடறினேன். ஒட்டுகிற முகம் கண்ணாடிபோல் இருக்க வேண்டும் என்று நினைத்து, உப்புத்தாளில் மிக நுண்ணியதை எடுத்து இரண்டு முகத்தையும் பளபளப்பாகத் தேய்த்தேன். துடைக்காமல் ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் எபாக்சி என்ற இருபொருள் கலவைப் பசையைத் தடவி, வீட்டிலிருந்த கிளாம்புகள் இருபதையும் போட்டு, கை வலிக்கும் வரை முடுக்கினேன். ஓரங்களில் பசை பிதுங்கி ஒழுகியதைப் பார்த்து, நன்றாக இறுகுகிறது என்று மகிழ்ந்தேன். உண்மையில் ஒட்ட வேண்டிய பசையைத்தான் வெளியே பிழிந்துகொண்டிருந்தேன். எபாக்சிக்கு அழுத்தம் அதிகம் தேவையில்லை, இரண்டு முகமும் இடைவெளி இல்லாமல் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அதுமட்டுமல்ல, இப்பே எண்ணெய்ப் பசையுள்ள மரம். இழைத்து வைத்த முகத்தில் அந்த எண்ணெய் மெல்ல மேலே வந்துவிடும்; அதன்மேல் பசை பிடிக்காது.

வில்லை வளைத்துப் பார்க்கும் கட்டத்தில் இது தெரியவந்தது. சுவரில் பொருத்திய சட்டத்தில் வில்லை மாட்டி, நாணைக் கயிற்றாலும் கப்பியாலும் இழுத்து, தள்ளி நின்று பார்க்க வேண்டும். முதல் சில வாரங்கள் அப்படித்தான் செய்தேன். 22 அங்குலம் தாண்டிய பிறகு, கையில் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும் என்று ஆசை வந்துவிட்டது. 24 அங்குலத்தில் ‘டிக்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்டது. கேட்ட உடனே தளர்த்தியிருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடி இன்னும் அரை அங்குலம் இழுத்தேன். அடுத்து நடந்தது என்ன என்பதைச் சத்தமாகத்தான் நினைவு வைத்திருக்கிறேன். மேல்தண்டில் மூங்கில் பிரிந்து, மரம் இரண்டாகி, ஒரு துண்டு தாடையில் அடித்துவிட்டுப் போயிற்று. கண்ணாடி அணிந்திருந்தேன், அதன் கீழ் விளிம்பில் ஒரு கீறல் இருந்ததை மாலையில்தான் பார்த்தேன். தாடை வீக்கம் நாலு நாளில் வடிந்தது. கை நடுக்கம் அன்று முழுவதும் நிற்கவில்லை. கோபம்கூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. வில் செய்கிறவர்கள் எந்த நிலையிலும், ஒரு முறை இழுத்துப் பார்ப்பதற்கென்றாலும், கண்ணுக்குக் காப்பு இல்லாமல் இழுக்கக் கூடாது. சத்தம் கேட்டால் காரணம் தெரியும் வரை நாணைத் தொடவே கூடாது.

துண்டுகளைப் பொறுக்கி வைத்துப் பார்த்தது மட்டும் அந்த வாரம் நான் செய்த நல்ல காரியம். பிரிந்த மூங்கிலின் அடியில் பசை முழுத் தகடாக ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்தின் முகமோ பசையே காணாததுபோல் சுத்தமாக மினுங்கியது. பசை தன்னளவில் கெட்டுப்போயிருந்தால் இரண்டு பக்கத்திலும் பாதிப் பாதியாகக் கிழிந்திருக்கும். நன்றாக ஒட்டியிருந்தால் மர நார்கள் பிய்ந்து மூங்கிலோடு வந்திருக்கும். இங்கே பசை மூங்கிலைப் பிடித்தது, மரத்தைப் பிடிக்கவே இல்லை. உடைந்த வில்லைக் கோபத்தில் தூக்கி எறிந்திருந்தால், மூன்றாவது வில்லையும் அதே முறையில் ஒட்டியிருப்பேன்.

மூன்றாவதில் ஒட்டும் நாளுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்கினேன். பழைய ஹேக்சா பிளேடைக் குறுக்கே பிடித்து இரண்டு முகத்தையும் சுரண்டி, நீளவாக்கில் மெல்லிய பள்ளக்கோடுகள் விழச் செய்தேன். பிறகு அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் மரத்தைத் துடைத்தேன். முதல் துணி மஞ்சளாக வந்தது, ஆறாவது துணி ஏறக்குறைய வெள்ளையாக வந்தது. அதிலிருந்து கால் மணி நேரத்துக்குள் பசை தடவிவிட்டேன். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். சன்னல்களைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பில்லாமல் பார்த்துக்கொண்டேன். வேகமாக இறுகும் எபாக்சியை வாங்கிவிடாதீர்கள். பசை தடவி, பட்டையை நேராக்கி, கட்டி முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். கிளாம்புகளுக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டியூபை ஓர் அங்குல அகல நாடாவாக வெட்டி, நுனியிலிருந்து நுனி வரை இழுத்துச் சுற்றினேன். அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழுந்தது. நுனிகள் முதுகுப் பக்கமாக 2 அங்குலம் சாய்ந்திருக்கும்படி அச்சில் கட்டினேன். பிற்பாடு வில் கொஞ்சம் வயிற்றுப் பக்கமாக வளைந்து நின்றாலும் இது ஈடுகட்டும். குப்பியில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தது. நான் மூன்று நாள் தொடவில்லை. அந்த மூன்று நாளில் வேலை எதுவும் இல்லாததால், உதிரியாகக் கிடந்த துண்டுகளில் இதே முறையில் ஒன்றை ஒட்டி, உளியால் பிளந்து பார்த்தேன். மரமே கிழிந்தது.

இனி வருவதுதான் அதிக நேரம் தின்னும் வேலை: இரண்டு தண்டும் ஒரே சீராக வளையும்படி வயிற்றுப் பக்கத்திலிருந்து மரத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. டில்லரிங் என்பார்கள். இதற்கு அடிப்படையான கணக்கு ஒன்று உண்டு. தண்டின் விறைப்பு அகலத்தைப் பொறுத்து நேராகவும், கனத்தைப் பொறுத்து மும்மடியாகவும் மாறும். கனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் 27 சதவீதம் போய்விடும். 14 மி.மீ. தண்டில் பத்தில் ஒரு பங்கு என்பது ஒன்றரை மி.மீ. கூட இல்லை. ஆகவே வில் ஓரளவு வளையத் தொடங்கியதும் இழைப்புளியையும் பெரிய அரத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சுரண்டும் தகட்டை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் இருபது முறை சுரண்டினால், பிறகு அரை இழுப்பாக முப்பது நாற்பது முறை இழுத்துவிட வேண்டும். சுரண்டியதன் விளைவு உடனே தெரிவதில்லை. போதவில்லை என்று நினைத்து மறுபடி சுரண்டி, பிறகு அளவுக்கு மேல் குறைந்துபோனதைக் கண்டு தலையில் கை வைத்தவன் நான்.

விறைப்பான இடம் எது, தளர்ந்த இடம் எது என்று கண்ணால் சொல்வது தொடக்கத்தில் முடியவே முடியாது. எனக்கு உதவியவை இரண்டு. சட்டத்தில் வில்லை மாட்டி இழுத்த நிலையில், ஒரே இடத்திலிருந்து போட்டோ எடுத்து, மேல்தண்டைத் தலைகீழாக்கிக் கீழ்த்தண்டின் மேல் வைத்துப் பார்ப்பது ஒன்று. ஆறு அங்குல நீளமுள்ள நேரான மரக்கட்டையின் நடுவில் துளையிட்டு, அதில் பென்சிலைச் செருகி, நாணேற்றிய வில்லின் வயிற்றில் வைத்து ஓட்டுவது மற்றொன்று. வளைவு மிகுந்த இடத்தில் பென்சில் தொடாத அளவுக்கு அதை நிறுத்திக்கொண்டு ஓட்டினால், வளையாமல் தட்டையாக நிற்கிற இடத்தில் மட்டும் கோடு விழும். கோடு விழுந்த இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். வேறெங்கும் தகடு படக் கூடாது. நான் ஓர் இரவு, கோடு இல்லாத இடத்தில் ரேகை கொஞ்சம் மேடாக இருக்கிறது என்று அழகு பார்த்துச் சுரண்டினேன். காலையில் மேல்தண்டின் நடுவில் கீல் வைத்ததுபோல் ஒரு மடிப்பு. மெலிந்த இடத்தில் மரத்தைத் திரும்பச் சேர்க்க முடியாது என்பதால், மற்ற எல்லா இடத்தையும் அதற்கு நிகராகக் குறைக்க வேண்டியதாயிற்று. 45 பவுண்டு இழுவிசைக்குத் திட்டமிட்ட வில், 28 அங்குல இழுப்பில் 38 பவுண்டில் வந்து நின்றது. ஐந்து நிமிடச் சுரண்டலுக்கு ஏழு பவுண்டு போயிற்று.

இழுக்கும்போது நான் இப்போது இரண்டு விதிகளை மீறுவதில்லை. எத்தனை அங்குலம் இழுத்திருந்தாலும், தராசு காட்டுவது கடைசியில் வேண்டிய பவுண்டைத் தாண்டக் கூடாது. 40 பவுண்டு வில் வேண்டுமென்றால், 15 அங்குலத்திலேயே 40 வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திச் சுரண்ட வேண்டும். ஒரு தண்டில் கோணல் கண்ணில் பட்டுவிட்டால், அது சரியாகும் வரை அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட இழுக்கக் கூடாது. முதல் இரண்டு வில்லிலும் இந்த இரண்டையும் மீறியிருக்கிறேன். ‘முழுதாக இழுத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போமே’ என்ற எண்ணம் வரும். அதற்கு இடம் கொடுத்தால் மரத்தின் வயிறு அதை மறக்காது, நிமிராமலேயே நின்றுவிடும்.

மற்றவை எல்லாம் ஒப்பீட்டில் எளிது. நாண் மாட்டும் குதையைப் பக்கவாட்டில் மட்டும் வட்ட அரத்தால் வெட்டி, மூங்கிலின் முதுகில் குறுக்கே அரம் படாமல் பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் நீண்டு கொடுக்கும் டேக்ரான் என்ற செயற்கை இழை நாண் போட்டேன். அதிகம் நீளாத புதுவகை நாண்கள் மர நுனியை அறுத்துவிடக்கூடும். விளிம்புகளை நன்றாக உருட்டிவிட வேண்டும், கூரான விளிம்பிலிருந்துதான் சிம்பு கிளம்பும். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடுவதும், எய்து முடித்த பிறகு நாணைக் கழற்றாமல் மாட்டி வைப்பதும் எந்த மரவில்லையும் கெடுக்கும். இறுதியாக எண்ணெய் பூசி ஒரு வாரம் காய வைத்தேன்.

இதுவரை 600 அம்புக்கு மேல் எய்துவிட்டேன். ஒட்டும்போது கொடுத்த 2 அங்குலச் சாய்வில் முக்கால் அங்குலம் மிச்சம் இருக்கிறது; வயிற்றில் கோடுகள் இல்லை. ஆனால் ஒரு பிழை இதிலும் உண்டு. மூங்கிலின் கணுக்களில் உட்பக்கத்துத் தடுப்பை மட்டும் சீவிவிட்டு, வெளிமேட்டைப் பெரும்பாலும் அப்படியே விட வேண்டும்; நார் அங்கே மேடாகத்தான் ஓடுகிறது, மேட்டை மழித்தால் நாரை அறுத்ததாகிவிடும். கீழ்த்தண்டின் இரண்டாவது கணுவை, தடவினால் வழவழப்பாக இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்திருந்தேன். ஐந்நூறாவது அம்பையொட்டி அங்கே ஒரு சிம்பு, குண்டூசி நீளத்துக்கு, தலைதூக்கியது. மெல்லிய சூப்பர் குளூவை அதனடியில் ஊற வைத்து, அமுக்கிப் பிடித்து, அந்தக் கணுவைச் சுற்றிப் பட்டு நூலை இரண்டு அங்குலத்துக்கு நெருக்கமாகச் சுற்றி, அதன்மேலும் பசை பூசிவிட்டேன். இப்போது ஒவ்வொரு முறை நாணேற்றுவதற்கு முன்பும், ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து மூங்கில் முதுகின் மேல் நுனியிலிருந்து நுனி வரை இரு திசையிலும் இழுத்துப் பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத சிம்பையும் பஞ்சு பிடித்துக் காட்டிவிடும். நேற்றுவரை எங்கும் சிக்கவில்லை.